வெளிநாட்டில் மலிவு வீடு: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அண்மைக் காலமாகக் குன்னூரிலும் உதகையிலும் ஓட்டல் அரங்குகளை வாடகைக்கு எடுத்து, துபாய், ஜார்ஜியா, தாய்லாந்து, இலங்கை என்று பல நாடுகளில் குறைந்த விலைக்கு வீடும் மனையும் வாங்கித் தருவதாகச் சொல்லும் கூட்டங்கள் நடக்கின்றன. வாட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது. குடும்பத்தோடு வரச் சொல்கிறார்கள். அன்று மாலைக்குள் முன்பணம் கட்டுவோருக்குத் தனிச் சலுகை என்கிறார்கள். கோத்தகிரி வட்டாரத்தில் நீண்ட காலம் ஆவண எழுத்தராக இருந்து, தோட்டமும் வீடும் கைமாறுவதை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், இது குறித்து நம் மாவட்ட மக்களுக்குச் சிலவற்றைச் சொல்வது என் கடமை என்று கருதி இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் சொத்து வாங்குவதே தவறு என்பது என் கருத்தல்ல. இங்கே ஐந்து சென்ட் வாங்குவதற்கு நாம் கேட்கும் கேள்விகளைக் கடல் கடந்து வாங்கும்போது கேட்காமல் விட்டுவிடுகிறோம் என்பதே என் கவலை.

இந்த ஆசை ஏன் வருகிறது என்பதை முதலில் நியாயமாகப் பார்க்க வேண்டும். பசுந்தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிகூலிக்கும் உரத்துக்கும் கவாத்துக்குமே போதவில்லை என்று சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருவோர் விடுமுறை வீட்டுக்காகக் கொடுக்கும் விலையால், குன்னூரிலும் கோத்தகிரியிலும் மனை விலை உள்ளூர்ப் பிள்ளைகளின் சம்பளத்துக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றவரின் கையில் ஒரே நேரத்தில் பெரிய தொகை சேர்கிறது. அதைப் போட்டு நல்ல வருமானம் பார்க்க இந்த மலையில் வேறு வழி அவருக்குத் தெரிவதில்லை. பிள்ளையோ வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். 2005இல் ஏறத்தாழ 44 ரூபாயாக இருந்த டாலர் 2025இல் 85 ரூபாயைத் தாண்டிவிட்டது. 1997 முதல் துபாயின் நாணயமான திர்ஹத்தின் மதிப்பு ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலையாக வைக்கப்பட்டிருப்பதால், திர்ஹத்தில் வாடகை வாங்குபவருக்கு ரூபாய் சரியச் சரிய வருமானம் கூடும் என்று விற்பவர் சொல்வது கணக்கின்படி சரிதான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், "அண்ணா, பையன் சம்பளத்தில் பாதியை அங்கே வாடகைக்கே கொடுக்கிறான். நமக்கென்று அங்கே ஒரு கதவு இருந்தால் அவனுக்கும் தைரியம், எங்களுக்கும் நிம்மதி" என்றார். இப்படிப்பட்டவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் உள்ளூர்ச் சட்டம் தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து நிலம் வாங்கி அல்லற்பட்டவர்களைக் கண்ணெதிரே பார்த்த மக்கள் நாம். கூடலூர், பந்தலூர் பக்கம் பிரிவு 17 நிலம் என்றாலே உள்ளூர்க்காரர் எவரும் ஒரு கணம் நின்று யோசிப்பார். 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இன்னும் முழுத் தீர்வு காணாமல் கிடக்கும் அந்த நிலங்களில் பட்டா எதிர்பார்க்க முடியாது என்பதும், மின் இணைப்புக்கே அலைய வேண்டியிருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். விலை மலிவு என்று மகிழ்ந்து சமவெளியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. மசினகுடி, மாவனல்லா பகுதியில் விடுதி கட்டியவர்களில் பலர் பணம் கொடுத்துக் கிரையம் பெற்றவர்களே. 2010இல் அரசு அங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. 2018 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் விடுதிகளுக்கு முத்திரையிடப்பட்டது. 2020 அக்டோபர் 14 அன்று அரசின் அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. யானைக்கு வழி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கையில் பதிவான பத்திரம் இருந்தும் அந்த இடத்தை அனுபவிக்க முடியாமல் போகக்கூடும் என்பதை இவ்வளவு அருகில் பார்த்த நாம், துபாயிலோ ஜார்ஜியாவின் படூமி நகரிலோ வாங்கப் போகும்போது அங்கே நாம்தான் அந்த வெளியூர்க்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் பகுதிச் சிறு தேயிலை விவசாயி ஒருவர், அப்படியொரு கூட்டத்தில் முன்பணம் கட்டிவிட்டு வந்த பிறகு, கொடுத்த காகிதங்களைப் படித்துச் சொல்லுமாறு என்னிடம் கொண்டுவந்தார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்கு அதை யாரும் தமிழில் படித்துக் காட்டவில்லை. தலைப்பில் முன்பதிவுப் படிவம் என்று இருந்ததே தவிர, அது கிரைய ஒப்பந்தம் அல்ல. விற்பவர் என்ற இடத்தில் துபாயில் இயங்கும் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. பணம் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கோ கோவையிலுள்ள வேறொரு நிறுவனத்துடையது. கட்டடத்தின் பெயரும் மாடி எண்ணும் இருந்தன. கட்டுமானத் திட்டத்தின் பதிவு எண் எங்கும் இல்லை. வீட்டை ஒப்படைக்கும் நாளுக்கு நேரே ஒரு காலாண்டைக் குறித்து, அதன் பக்கத்தில் உத்தேசமாக என்று சேர்த்திருந்தார்கள். தாமதமானால் என்ன இழப்பீடு என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்பது மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகி, அதற்குக் கீழே தனியாகக் கையொப்பமும் வாங்கப்பட்டிருந்தது. இத்தகைய காகிதத்தை இங்கே ஒரு வீட்டுக்குக் கொடுத்திருந்தால், மூலப்பத்திரம் எங்கே, வில்லங்கம் எங்கே என்று அந்த விவசாயியே கேட்டு எழுந்து வந்திருப்பார்.

இதில் வேதனை என்னவென்றால், துபாயின் சட்டம் வாங்குபவரைக் கைவிடுவதாக இல்லை. 2002இல் வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட பகுதிகளில் முழு உரிமையோடு சொத்து வாங்க அங்கே வழி திறக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 8ஆம் எண் சட்டப்படி, கட்டி முடிக்கப்படாத வீட்டுக்கு வாங்குபவர் செலுத்தும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே தொடங்கப்பட்ட காப்புக் கணக்கில்தான் போய்ச் சேர வேண்டும். அதைக் கட்டுமானத்துக்கே செலவழிக்க வேண்டும். 2008ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டப்படி, வீடு கட்டி முடியும் முன்பே வாங்குபவர் பெயர் நிலத்துறையின் இடைக்காலப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆகவே துபாயில் வாங்க விரும்புவோர் கேட்க வேண்டியவை மிகவும் எளியவை: திட்டத்தின் பதிவு எண் என்ன, காப்புக் கணக்கு எந்த வங்கியில் எந்தப் பெயரில் இருக்கிறது, என் பெயர் இடைக்காலப் பதிவேட்டில் எப்போது ஏறும். கோவைக் கணக்குக்கு ரூபாயில் பணம் கேட்பவர் இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல மாட்டார். இவ்வளவு சட்டம் இருந்தும் 2008, 2009 நெருக்கடியில் அங்கே விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்ததையும், பல கட்டுமானங்கள் பாதியில் நின்றதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். வாடகை உத்தரவாதம் என்று சொல்லப்படும் தொகை பெரும்பாலும் விற்பனை விலையிலேயே ஏற்றப்பட்டிருக்கும். பதிவுக் கட்டணம் 4 சதவீதம், முகவர் கட்டணம், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே வருமானம்.

இலங்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் மாவட்டத்தில் பலருடைய நெஞ்சைத் தொடும் விஷயம். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அட்டனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் வந்த தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் என்று எங்கும் வாழ்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் 1968இல் தொடங்கப்பட்டு, பின்னர் டேன்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயின. அந்தக் குடும்பங்களைக் குறிவைத்து, தாத்தா கொழுந்து பறித்த மலையில் உங்களுக்கென்று ஒரு துண்டு நிலம் என்று விளம்பரம் செய்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, அந்த மண்ணில் ஒரு பிடிகூடத் தனக்குச் சொந்தமில்லாமல் கப்பலேறிய தாயின் நினைவாக அங்கே இடம் வாங்க ஒரு மகன் நினைப்பதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இலங்கையின் 2014ஆம் ஆண்டு 38ஆம் எண் சட்டம், வெளிநாட்டுக் குடிமக்களுக்கு நிலத்தைக் கிரையம் செய்வதைத் தடை செய்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. நிலத்தை அதிகபட்சம் 99 ஆண்டுகள் குத்தகைக்கு எடுக்கலாம். இந்தியக் குடியுரிமை பெற்றுவிட்ட நம்மவர்கள் அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவரே. அங்கேயுள்ள உறவினர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று முகவர் யோசனை சொன்னால், பணம் நம்முடையதாகவும் நிலம் உறவினருடையதாகவும் ஆகிவிடும் என்பதை உணர வேண்டும். அந்த உறவினர் நல்லவராகவே இருக்கலாம்; அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் உரிமை கோரினால் நம் கையில் எந்தக் காகிதமும் இருக்காது.

பினாமிப் பெயரில் வாங்கச் சொல்லும் இதே யோசனை தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் வேறு வடிவில் வருகிறது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது; ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை மட்டுமே வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம். பாலித் தீவு அமைந்துள்ள இந்தோனேசியாவில், 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. இதைத் தாண்டுவதற்காக உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரிலோ, பெயரளவுக்குத் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் பெயரிலோ வாங்கும் ஏற்பாடு நீதிமன்றத்தில் நிற்காது. ஜார்ஜியாவில் அடுக்குமாடி வீடு வாங்கத் தடையில்லை; ஆனால் வேளாண் நிலம் வெளிநாட்டவருக்குக் கிடையாது என்று அந்நாட்டு அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. திராட்சைத் தோட்டம் என்று படம் காட்டி விற்பவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மூலப்பத்திரம் பார்க்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கு சைப்ரஸ் ஒரு பெரிய எடுத்துக்காட்டு. 1974இல் துருக்கிப் படை நுழைந்தபோது வீடு வாசலை விட்டு ஓடிய கிரேக்க சைப்ரஸ் மக்களின் நிலங்கள் பின்னர் பிறர் கைக்கு மாறி, வெளிநாட்டவருக்கு மலிவாக விற்கப்பட்டன. அப்படி வாங்கி மாளிகை கட்டிய பிரித்தானியத் தம்பதியர் மீது நிலத்தின் பழைய உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். கட்டடத்தை இடித்து, நிலத்தை ஒப்படைத்து, இழப்பீடும் தர வேண்டும் என்று சைப்ரஸ் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் பிற ஐரோப்பிய நாடுகளும் ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 ஏப்ரலில் கூறியதால், அவர்கள் இங்கிலாந்தில் வைத்திருந்த சொத்துக்கே ஆபத்து வந்தது. அங்கே வாங்கிய நிலத்தின் வில்லங்கம் ஊரிலுள்ள வீடு வரை தேடி வந்தது.

ஒரு யூரோவுக்கு வீடு என்று இத்தாலியைப் பற்றி வரும் செய்திகளையும் பலர் என்னிடம் காட்டுகிறார்கள். அவை பொய்யல்ல. சிசிலித் தீவின் சலேமி, முசோமேலி, சம்புகா போன்ற ஊர்கள் ஆள் குறைந்து காலியாகிவருவதால் இவ்வாறு அறிவித்தன. ஆனால் பெரும்பாலும் ஏலத்தில் விலை ஏறும். வைப்புத்தொகை கட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்குள் முழுவதும் பழுதுபார்த்து முடிக்க வேண்டும். செலவு முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஜப்பானில் 2023 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாக உள்ளன. வெளிநாட்டவர் தடையின்றி வாங்கலாம். ஆனால் வீடு வாங்கியதற்காக ஒரு நாள்கூட விசா கிடைக்காது. ஹட்டிகள் எனப்படும் நம் மலைக்கிராமங்களிலும் பூட்டிய வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருவதைப் பார்க்கிற எனக்கு, அந்த ஊர்களின் நிலையை நினைத்து வருத்தமே ஏற்படுகிறது. விசாவுக்காகவே சொத்து வாங்குவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீடு வாங்கினால் வசிப்புரிமை என்ற வழியை மூடியது, ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடியது. அரசு மாறினால் சலுகை போய்விடும். வீடும் அதன் செலவும் நம்மிடமே நிற்கும்.

இனி பணம் போகும் வழி. இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அதைக் கொண்டு சொத்தும் வாங்கலாம். பான் எண்ணோடு, ஏ2 படிவம் நிரப்பி, வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். இங்கே ஒருவரிடம் ரூபாயைக் கொடுத்து அங்கே வேறொருவர் திர்ஹமாகக் கட்டுவது ஹவாலா. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அதற்கு அந்தத் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கிறது. முறையாக அனுப்பும்போது, ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி வரியாக முன்கூட்டியே வசூலிக்கும். 60 லட்சம் அனுப்புபவர் கையில் 70 லட்சம் இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள். அந்த 10 லட்சம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் சரிக்கட்டப்படும் அல்லது திரும்ப வரும். பசுந்தேயிலை விற்று வரும் பணம் வேளாண் வருமானம் என்பதால் வரிக் கணக்கே தாக்கல் செய்து பழகாத நம் விவசாயிகளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

வாங்கிய பிறகும் கடமை முடிவதில்லை. வெளிநாட்டில் சொத்து உள்ளவர், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்து, வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்படலாம். சிறிய வங்கிக் கணக்கு, பங்கு போன்றவற்றுக்கு 2024இல் 20 லட்சம் ரூபாய் வரை சலுகை வந்தது. வீடு, நிலம் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. துபாயில் வாடகைக்கு வரி இல்லையென்றாலும், இங்கே வசிப்பவர் அந்த வாடகைக்கு இங்கே வரி கட்டியாக வேண்டும்.

தோட்டத்தை அடகு வைத்தோ கடன் வாங்கியோ இதில் இறங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். வெளிநாட்டில் சொத்து வாங்கத் தாராளப் பணப்பரிமாற்றத் திட்டத்தின்கீழ் பணம் அனுப்புவதற்கு இங்குள்ள வங்கிகள் கடன் தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அங்குள்ள வங்கியில் கடன் வாங்கித் தவணை தவறினால், கடன் அங்கேயே நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தை மத்திய அரசு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ், தீர்ப்புகளைப் பரஸ்பரம் நிறைவேற்றும் நாடாக அறிவித்ததால், அந்நாட்டு நீதிமன்றம் வழங்கும் பணத் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். பிள்ளையின் கடனுக்குத் தகப்பனார் பொறுப்பாளியாகக் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தீர்ப்பு இங்குள்ள தேயிலைத் தோட்டத்தின் மீது வந்து நிற்கும். அதுபோல, உரிமையாளர் காலமானால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை மட்டும் நீட்டி அங்கே பெயர் மாற்ற முடியாது. துபாயில் இஸ்லாமியர் அல்லாத வெளிநாட்டவர் உயில் பதிவு செய்து வைக்க வழி இருக்கிறது. வீடு வாங்கும்போதே அதையும் செய்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடு விற்பவர் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி திட்டத்தைப் பதிவு செய்து, விளம்பரத்தில் பதிவு எண்ணை அச்சிட வேண்டும். வெளிநாட்டுக் கட்டடத்தை இங்கே அரங்கு எடுத்து விற்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தமிழக அரசு இந்த இடைவெளியை அடைக்க வேண்டும்; வெளிநாட்டுச் சொத்தை இம்மாநிலத்தில் விற்கும் முகவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும், அந்நாட்டின் திட்டப் பதிவு எண்ணையும் பணம் செலுத்த வேண்டிய காப்புக் கணக்கையும் ஒப்பந்தத்தின் தமிழாக்கத்தையும் முன்பணம் வாங்குவதற்கு முன்பே தர வேண்டும் என்றும் விதி செய்ய வேண்டும். அதுவரை, இத்தகைய விளம்பரங்களை ஏற்கும்போது பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வெளியிடுமாறு தங்கள் நாளிதழையும் பணிவோடு வேண்டுகிறேன். மாவட்ட நிர்வாகம் வங்கிகளோடு சேர்ந்து குன்னூர், கோத்தகிரி, கூடலூரில் விளக்கக் கூட்டம் நடத்தினால், ஓட்டல் அரங்குக்குப் போகும் முன் மக்கள் விவரம் அறிந்திருப்பார்கள்.

ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்கள், வெளிநாட்டு நிறுவனத்தை எப்படிப் பிடிப்பது என்று மனம் தளர வேண்டாம். இங்கே பணம் வாங்கிய முகவர் மீது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால், ரசீது, முன்பதிவுப் படிவம், வங்கிப் பரிவர்த்தனை விவரம், வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தாமதமின்றி ஒரு வழக்குரைஞரைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.